இளம் வீரர்களின் மறைவும் நம் கையிலுள்ள அமானிதமும்

(கொடைக்கானல் மலையில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஊரில் ஓர் இளைஞன் மரணித்து விட்டால் மறுநாளே தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டப்படுகிறது. அவன் விளையாட்டு வீரனாக இருந்தால் அவன் பெயரில் ஒரு சுழற்கோப்பை அறிவிக்கப்படுகிறது. முதல் வருடம் கூட்டம் கூடுகிறது. இரண்டாம் வருடம் கூட்டம் குறைகிறது. மூன்றாம் வருடம் அந்தக் கோப்பை எந்த அலமாரியில் இருக்கிறது என்பது கூடப் பலருக்குத் தெரிவதில்லை. சுவரொட்டியையோ கோப்பையையோ குறை கூறுவது நம் நோக்கமன்று. துயரத்தில் இருக்கும் மனம் எதையாவது பற்றிக் கொள்ளத்தான் செய்யும். ஆனால், ஓர் இளம் உயிரின் நினைவுக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான கண்ணியம் எது என்பதை இன்று நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஷில்லாங் மலைப்பாதையில் முடிந்த பயணம்

சென்னையைச் சேர்ந்த விஷ்வா தீனதயாளன் என்ற மாணவரின் பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். வயது 18. லயோலா கல்லூரி மாணவர். மேசைப்பந்து ஆட்டத்தில் தேசிய அளவில் பட்டங்களையும் பன்னாட்டுப் பதக்கங்களையும் வென்றவர். மேகாலயா மாநிலத்தின் ஷில்லாங் நகரில் 83-வது தேசிய சீனியர் மேசைப்பந்துப் போட்டி தொடங்கவிருந்தது. அதில் கலந்து கொள்வதற்காக 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தமிழக அணியின் வீரர்கள் மூவருடன் கவுகாத்தியிலிருந்து ஒரு வாடகைக் காரில் அவர் மலையேறிக் கொண்டிருந்தார். ரி போய் மாவட்டத்தில் ஷாங்பங்லா என்னுமிடத்தில், எதிர்த்திசையில் வந்த கனரக டிரெய்லர் லாரி சாலைத் தடுப்பைத் தாண்டி வந்து அந்தக் காரின் மீது மோதியது. கார் ஓட்டுநர் அவ்விடத்திலேயே உயிரிழந்தார். நாங்போ மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட விஷ்வா இறந்து விட்டதாக மருத்துவர்கள் அறிவித்தனர். உடன் சென்ற வீரர்கள் மூவரும் காயமுற்றனர்.

பத்து நாட்கள் கழித்து, ஏப்ரல் 27 அன்று, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கவிருந்த இளையோர் போட்டியில் இந்தியாவின் சார்பில் அவர் ஆட வேண்டியிருந்தது. ஷில்லாங் போட்டி நடந்தே தீர்ந்தது. அதே அரங்கில் நம் தமிழகத்தின் சரத் கமல் தம்முடைய பத்தாவது தேசியப் பட்டத்தை வென்றார். உலகம் நிற்காது, சகோதரர்களே! நின்று போனது ஒரு வீடு மட்டுமே. சிறு வயது முதல் விடியற்காலையில் எழுப்பி, பயிற்சிக்கு அனுப்பி, மட்டையும் காலணியும் வாங்கிக் கொடுத்து, ஊர் ஊராக அழைத்துச் சென்ற ஒரு தாய் தந்தையின் வீடு.

இந்தச் செய்தியில் நாம் எளிதாகக் கடந்து செல்லும் ஒருவரும் இருக்கிறார். அவர்தான் அந்தக் காரின் ஓட்டுநர். தலைவர்களின் இரங்கற் செய்திகள் வீரருக்கு வந்தன, வரத்தான் வேண்டும். அந்த ஓட்டுநரும் ஒரு வீட்டின் விளக்கு. அவருக்காகவும் யாரோ வாசலில் காத்திருந்திருப்பார்கள். நம்முடைய இந்த மலையில் எத்தனையோ குடும்பங்கள் ஓட்டுநர் தொழிலால் உண்ணுகின்றன. ஆகவே அந்த இருவரையும் சேர்த்தே நாம் நினைவு கூர்கிறோம்.

அதுவும் ஓர் உயிர்

மாற்று மதச் சகோதரர் ஒருவரின் மரணத்தைப் பள்ளிவாசலில் பேச வேண்டுமா என்று ஒருவர் கேட்கக்கூடும். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வே இதற்குப் பதில் தருகிறது. ஒரு யூதரின் பிரேதம் தங்களைக் கடந்து கொண்டு செல்லப்பட்ட போது பெருமானார் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று தோழர்கள் எடுத்துக் கூறிய போது, அதுவும் ஓர் உயிர்தானே என்னும் கருத்தில் பதிலளித்தார்கள். புகாரீ ஷரீபில் இடம் பெற்றுள்ள நிகழ்ச்சி இது. கண்ணியம் அளிக்க அவர்கள் குலத்தையோ கொள்கையையோ கேட்கவில்லை. மரணம் என்னும் பேருண்மையின் முன் எழுந்து நின்றார்கள். அந்த நபியின் உம்மத்தாகிய நாம், நம் நாட்டுப் பிள்ளை ஒருவரின் மரணத்துக்காக மனம் கசிவது சுன்னத்தான ஒரு பண்பின் தொடர்ச்சியே ஆகும்.

விளையாட்டில் ஈடுபட்டவர் என்பதால் அந்த உழைப்பு வீண் என்று கருதுவதும் தவறு. குதிரைகளைப் பழக்கி, எல்லை குறித்து, நாயகம் (ஸல்) அவர்களே பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். இளைஞராக இருந்த அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அப்பந்தயத்தில் கலந்து கொண்டவர்களுள் ஒருவர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு பெருமானார் ஓட்டப் பந்தயம் வைத்த செய்தியை அபூதாவூதில் காண்கிறோம். ஒரு மாணவன் கொடை ஏரியைச் சுற்றியுள்ள 5 கிலோமீட்டர் சாலையில் குளிரும் பனியும் பாராமல் தினமும் ஓடுகிறான் என்றால், அவன் தன் உடலை அடக்கப் பழகுகிறான். நேரத்தைப் பேணப் பழகுகிறான். தோற்றாலும் எதிராளியின் கையைக் குலுக்கப் பழகுகிறான். இவை ஈமானுக்குப் பகையான பண்புகள் அல்ல.

கண்ணீருக்கும் எல்லை உண்டு, புகழுக்கும் எல்லை உண்டு

நாயகம் (ஸல்) அவர்களின் அருமைச் செல்வர் இப்ராஹீம் (ரலி) பால்குடிப் பருவத்திலேயே மறைந்தார். உயிர் பிரியும் தறுவாயில் குழந்தையைக் கையில் ஏந்திய பெருமானாரின் கண்கள் கண்ணீர் சொரிந்தன. தாங்களுமா அழுகிறீர்கள் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வியந்து கேட்ட போது, இது இரக்கத்தின் வெளிப்பாடு என்று உணர்த்தினார்கள். ஆகவே, பிள்ளையை இழந்த பெற்றோரிடம் போய், அழாதீர்கள் என்று அதட்டுகின்ற உரிமை நம்மில் எவருக்கும் இல்லை.

அதே நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. இப்ராஹீமின் மறைவினால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசத் தொடங்கினர். தம் மகனுக்குப் புகழ் சேர்க்கும் பேச்சு அது. மௌனமாக இருந்திருந்தாலே போதும், அந்தப் புகழ் காலமெல்லாம் நிலைத்திருக்கும். ஆனால் பெருமானார் (ஸல்) அவர்கள் மௌனமாக இருக்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். மகனைப் புதைத்த துயரத்தின் நடுவிலும் அவர்கள் உண்மையை விட்டுக் கொடுக்கவில்லை.

இதில் நமக்குப் பெரும் பாடம் உண்டு. மறைந்தவரை நேசிக்கிறோம் என்பதற்காக இல்லாததைச் சொல்லலாகாது. அதுபோலவே, மரணத்துக்குக் காரணமாக இருந்த உண்மைகளை மறைக்கவும் கூடாது. நாம் அதிகம் தவறுவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

விதி என்ற சொல்லை எங்கே வைப்பது?

இத்தகைய மரணம் நிகழ்ந்ததும், அவன் தலையெழுத்து அவ்வளவுதான், விதி முடிந்து விட்டது என்று சொல்லி எழுந்து விடுகிறோம். கத்ரை நம்புவது ஈமானின் அங்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கத்ர் என்பது துயரத்தில் உள்ளவருக்கு ஆறுதல். கவனக்குறைவாக இருந்தவருக்கு அது கேடயம் ஆகாது.

உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணமான போது, ஸர்க் என்னுமிடத்தில், அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. தோழர்களைக் கலந்தாலோசித்துத் திரும்பி விட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்பது அமீருல் மூமினீனின் விளக்கமாக இருந்தது. பாதுகாப்பைத் தேடுவதும் கத்ரில் உள்ளதே என்பதை இதைவிடத் தெளிவாக யார் கூற முடியும்? வண்டியின் பிரேக்கைச் சோதிப்பதும், இரவில் மலையேறாமல் காலையில் புறப்படுவதும், பிள்ளையின் இருக்கைப் பட்டியை மாட்டி விடுவதும் தவக்குலுக்கு எதிரானவை அல்ல. அவை தவக்குலின் முதற்படி.

அதே 2022-ஆம் ஆண்டில் நம் தமிழகம் இன்னொரு மாணவியையும் இழந்தது. அவர் சென்னை ராணி மேரிக் கல்லூரி மாணவி பிரியா. வயது 17. கால்பந்து வீராங்கனை. முழங்கால் தசைநார் கிழிந்ததற்காக நவம்பர் 7 அன்று அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை நடந்தது. இரத்தப்போக்கைத் தடுக்க இறுக்கிக் கட்டிய கட்டு உரிய நேரத்தில் அகற்றப்படாமல் போனதால் காலில் இரத்த ஓட்டம் நின்றது. வேறு மருத்துவமனைக்கு மாற்றிக் காலை அகற்றியும் பலனின்றி, உறுப்புகள் செயலிழந்து, நவம்பர் 15 அன்று அவர் உயிர் நீத்தார். மருத்துவர் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயை அரசு அறிவித்தது.

மருத்துவர் சமூகத்தைப் பழிப்பதற்காக இதைக் கூறவில்லை. எண்ணற்ற உயிர்களை அவர்கள் அன்றாடம் காக்கிறார்கள். ஆனால் இவ்விரு மரணங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவருமே தங்களைப் பிறர் கையில் ஒப்படைத்திருந்த நேரத்தில் மாண்டவர்கள். ஒருவர் பிறர் ஓட்டிய வாகனத்தில் அமர்ந்திருந்தார். மற்றவர் அறுவை சிகிச்சை மேசையில் மயக்கத்தில் படுத்திருந்தார். களத்தில் தங்களைக் காத்துக் கொள்ளத் தெரிந்த பிள்ளைகள்தாம். களத்துக்கு வெளியே அவர்கள் நம்மிடம் அமானிதமாக இருந்தார்கள்.

ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றி வினவப்படுவார் என்னும் நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் அடிக்கடிக் கேட்கிறோம். அதனைத் தந்தைக்கும் ஆட்சியாளருக்கும் மட்டும் உரியதாக எண்ணி விடுகிறோம். ஒரு மணி நேரம் ஒரு பிள்ளை நம் வாகனத்தில் அமர்ந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்கு நாம் பொறுப்பாளர். ஒரு நாள் நம் மைதானத்தில் அவன் ஓடினால், அந்த ஒரு நாளுக்கு நாம் பொறுப்பாளர்.

ஒரு பெற்றோர் காட்டிய வழி

அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியில் ஜோர்டான் மெக்நெயர் என்ற 19 வயது மாணவர் இருந்தார். 2018 மே 29 அன்று ஓட்டப் பயிற்சியின் போது கடும் வெப்பத்தாக்கத்தால் நிலைகுலைந்தார். உடல் அளவுக்கு மீறிச் சூடேறியவரைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி உடனே வெப்பத்தைத் தணிப்பதே அறியப்பட்ட முதல் சிகிச்சை. அது செய்யப்படவில்லை. ஜூன் 13 அன்று அவர் மரணமடைந்தார். சட்டப்படியும் தார்மிகப்படியும் பொறுப்பு தங்களுடையதே என்று பல்கலைக்கழகத் தலைவர் வெளிப்படையாக ஒப்புக் கொண்டார்.

அந்தப் பெற்றோர் மகனின் படத்துக்கு மாலையிட்டு அமர்ந்து விடவில்லை. மகனின் பெயரால் ஓர் அறக்கட்டளை தொடங்கி, வெப்பத்தாக்கத்தை எப்படி அறிவது, எப்படித் தணிப்பது என்று பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் கற்பிக்கத் தொடங்கினர். 2021-இல் மாணவ வீரர்களின் பாதுகாப்புக்காக ஜோர்டானின் பெயரிலேயே அம்மாநிலத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. தன் பிள்ளைக்குக் கிடைக்காத தண்ணீர்த் தொட்டி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்று உழைத்த அந்தத் துயரம் எத்தனை உயர்ந்தது!

முன்னேற்பாட்டின் பயனுக்கும் ஒரு சான்று உண்டு. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் நகரில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில், டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று தரையில் சாய்ந்தார். மைதானத்திலேயே அவர் மார்பை அழுத்தி முதலுதவி செய்தனர். மின்னதிர்வுக் கருவியைப் பயன்படுத்தினர். அவர் பிழைத்தார். சில மாதங்களில் மீண்டும் களமிறங்கினார். அல்லாஹ் நாடினான், பிழைத்தார். அவன் நாட்டம் நிறைவேறக் கருவியாக அங்கே பயிற்சி பெற்ற கைகள் ஆயத்தமாக இருந்தன. ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவர் போலாவார் என்னும் கருத்தை அல்மாயிதா அத்தியாயத்தில் நாம் ஓதி வருகிறோமே, அந்தக் கைகளுக்கு அதைவிட வேறென்ன நற்சான்று வேண்டும்?

நம் மலை, நம் சாலை

இனி நம் ஊருக்கு வருவோம். ஷில்லாங் மலைப்பாதையில் நடந்ததை நாம் தொலைதூரத்துச் செய்தியாக எண்ண முடியாது. நாமும் மலைவாசிகள். 1916-இல் லாஸ் காட் சாலை போக்குவரத்துக்குத் திறக்கப்படும் வரை இம்மலைக்கு வந்தவர்கள் பெரியகுளம் பக்கத்துப் பாதையில் கால்நடையாகவும், குதிரையிலும், டோலியிலும் ஏறி வந்தனர். இன்று வத்தலக்குண்டிலிருந்து காமக்காப்பட்டி, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி, செண்பகனூர் என்று வளைந்து வளைந்து ஏறி வருகிறோம். பழனியிலிருந்து சவரிக்காடு வழியாக வரும் பாதையும் பெருமாள்மலையில் வந்து இணைகிறது. வாகன நெரிசல் எவ்வளவு மிகுந்தது என்றால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இம்மலைக்கு வர இ-பாஸ் முறை கொண்டு வரப்பட்டது. இந்தச் சாலையில்தான் நம் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் போட்டிகளுக்காகத் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இறங்கி ஏறுகிறார்கள். சமவெளிப் பிள்ளைகள் நம்மை நாடி வருகிறார்கள்.

ஓட்டுநர் சகோதரர்களுக்கு நாயகத்தின் வாழ்விலிருந்தே ஒரு செய்தி உண்டு. ஒரு பயணத்தில் அன்ஜஷா என்ற தோழர் இனிய குரலில் பாடி ஒட்டகங்களை ஓட்டிச் சென்றார். பாட்டுக்கு மயங்கிய ஒட்டகங்கள் வேகமெடுத்தன. அவற்றின் மேல் பெண்கள் அமர்ந்திருந்தனர். கண்ணாடிப் பாத்திரங்களை ஏற்றிச் செல்பவரைப் போல மெதுவாக ஓட்டுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அன்ஜஷாவுக்குக் கட்டளையிட்டார்கள். சிந்தித்துப் பாருங்கள். சாலை விதிகள் இல்லாத காலம் அது. பாலைவனத்தில் எதிரே வாகனம் வராது. அப்படியிருந்தும், உள்ளே அமர்ந்திருப்பவர் யார் என்பதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கக் கற்றுக் கொடுத்தார்கள்.

நம் வண்டிகளில் ஏற்றிச் செல்வதும் கண்ணாடிப் பாத்திரங்களையே. மேலேறும் வாகனத்துக்கு இறங்கும் வாகனம் வழிவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகள் கூறுகின்றன. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைச்சாலை ஓட்டுநர்கள் அனைவரும் அறிந்த பாடம். இடைவிடாமல் பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். வளைவில் முந்தக்கூடாது. பனிமூட்டத்தில் முகப்பு விளக்கைத் தாழ்த்தி எரிய விட வேண்டும். இவற்றை வெறும் போக்குவரத்துத் துறையின் சட்டங்களாக எண்ண வேண்டாம். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என முஸ்லிம் ஷரீபில் வந்துள்ளது. கல்லையும் முள்ளையும் அகற்றுவதே ஈமானின் கிளை என்றால், நம் வாகனமே பிறருக்குத் தொல்லையாக மாறாமல் காப்பது எத்தகைய நன்மை!

யூப்ரடீஸ் நதிக்கரையில் ஓர் ஆட்டுக்குட்டி கவனிப்பாரின்றிச் செத்தாலும் அதற்காக அல்லாஹ் தம்மை விசாரிப்பான் என்று உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக வரலாறு கூறும். பல நூறு மைல்களுக்கு அப்பாலுள்ள ஆட்டுக்குட்டிக்காக அவர்கள் அஞ்சினார்கள். நம் தெருவழியே செல்லும் பிள்ளைக்காக நாம் அஞ்ச வேண்டாமா?

நாம் என்ன செய்யலாம்?

பெற்றோர்களே! பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பும் போது, பணம் எடுத்தாயா, சாப்பாடு எடுத்தாயா என்று கேட்கிறீர்கள். எந்த வண்டியில் போகிறாய், யார் ஓட்டுகிறார், இரவுப் பயணமா என்றும் கேளுங்கள். பின்னிருக்கையில் அமர்ந்தாலும் இருக்கைப் பட்டியை அணியச் சொல்லுங்கள். ஓடும் போது மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலிக்கிறது என்றாலோ, குடும்பத்தில் இளம் வயதில் திடீரென மரணித்தவர்கள் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டாமல் களத்துக்கு அனுப்பாதீர்கள். ரமளானில் நோன்பு நோற்கும் பிள்ளை வெயிலில் கடும் பயிற்சி செய்யாதிருக்கவும், பயிற்சி நேரத்தை இஃப்தாரை ஒட்டி மாற்றிக் கொள்ளவும் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். சிகிச்சைக்குச் சென்றால் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். கட்டுக்குக் கீழே கால் மரத்துப் போகிறது, குளிர்கிறது, நிறம் மாறுகிறது, வலி தாங்கவில்லை என்று பிள்ளை சொன்னால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

மாணவச் செல்வங்களே! வலியை மறைப்பது வீரம் அன்று. வண்டி வேகமாகச் செல்கிறது என்றால், அண்ணே, மெதுவாகப் போங்கள் என்று சொல்வது கோழைத்தனம் அன்று. உங்கள் உடல் உங்களுக்கும் சொந்தமானதன்று. அல்லாஹ் உங்களிடம் கொடுத்து வைத்திருப்பது.

மஹல்லாப் பெரியோர்களே! மறைந்த ஒரு வீரரின் பெயரால் போட்டி நடத்துவதாக இருந்தால், அதே நாளில் முதலுதவிப் பயிற்சி ஒன்றையும் நடத்துங்கள். மூச்சின்றிச் சாய்ந்தவரின் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது, சிறிது பயிற்சியிருந்தால் நம் பிள்ளைகள் எவரும் கற்றுக் கொள்ளக்கூடியது. ஒரு முதலுதவிப் பெட்டி வாங்கி மைதானத்துக்கு வக்ஃபு செய்யுங்கள். ஆபத்தான வளைவில் எதிர்வரும் வாகனத்தைக் காட்டும் குவியாடி வைக்கும்படி அதிகாரிகளிடம் மனுச் செய்யுங்கள். மூன்று நற்செயல்கள் தவிர மற்றவை மரணத்தோடு நின்று விடும் என்றும், அம்மூன்றில் ஒன்று சதகத்துல் ஜாரியா என்றும் நாம் அறிவோம். பிள்ளையை இழந்த முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் செல்வத்தின் பெயரால் செய்வதற்கு இத்தகைய தர்மம் சிறந்தது.

விபத்தைக் கண்டால் செல்போனில் படமெடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். காயமுற்றவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவரை வழக்கில் சிக்க வைக்கக் கூடாது என 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு அளித்துள்ளது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிப்பதற்காக, இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தமிழகத்தில் தொடங்கப்பட்டது. எனவே போலீஸ் கேஸாகி விடும், பணம் யார் கொடுப்பது என்று தயங்கி எவரையும் சாலையில் கிடக்க விடாதீர்கள்.

துக்க வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்ததும், அவர்கள் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். துயரத்தில் மூழ்கிய வீட்டில் அடுப்பு எரியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நாமோ மூன்று நாள் சென்று விட்டு மறந்து விடுகிறோம். பிள்ளையை இழந்த வீட்டில் நாற்பதாம் நாளுக்குப் பிறகுதான் வெறுமை தெரியும். அவனுடைய தேர்வு முடிவு வரும் நாளிலும், அவன் ஆடிய போட்டி மறுபடி நடக்கும் நாளிலும் அந்தத் தாயின் வாசலில் போய் நில்லுங்கள். அவன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் அழுவாளே என்று அஞ்சாதீர்கள். தன் பிள்ளையை ஊர் மறக்கவில்லை என்பதே அவளுக்கு மருந்து.

அன்பர்களே! ஆக, மறைந்த வீரரின் நினைவு என்பது நம்மிடம் விடப்பட்ட ஓர் அமானிதம். கோப்பையில் பெயரைப் பொறிப்பதோடு அது தீர்ந்து விடுவதில்லை. அவர் எதனால் மாண்டாரோ, அதனால் இன்னொரு பிள்ளை மாளாதவாறு காக்கும் போதே அது நிறைவேறுகிறது. இன்று தொழுகை முடிந்து மலையிறங்கும் ஓட்டுநர் ஒருவர் ஊத்து வளைவில் தம் வேகத்தைக் குறைத்தால், ஷில்லாங் சாலையில் மறைந்த அந்த மாணவருக்கும், அவருடன் மாண்ட ஓட்டுநருக்கும் அவர் கண்ணியம் செய்தவராவார்.

யா அல்லாஹ்! பிள்ளைகளை இழந்து வாடும் எல்லாப் பெற்றோரின் இதயங்களுக்கும் ஆறுதலை அருள்வாயாக! எங்கள் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாப்பானதாக ஆக்கியருள்வாயாக! சாலைகளிலும் மைதானங்களிலும் மருத்துவமனைகளிலும் பிறர் உயிரைக் கையில் ஏந்தியிருப்போர் அனைவருக்கும் கவனத்தையும் இரக்கத்தையும் தந்தருள்வாயாக! எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை நிறைவேற்றியவர்களாக உன்னைச் சந்திக்கும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் நல்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.